நாற்பதுக்கு மேல் நடை

காலை 5 மணி. கம்பத்தில் தெருவிளக்குகள் இன்னும் எரிகின்றன. ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குச்சட்டியோடு பெண்கள் வந்து ஏறுகிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஜீப் கம்பம்மெட்டு வழியாக மலை ஏறும். வண்டன்மேடு, புளியன்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும். மாலையில் திரும்பவும் கீழே கொண்டுவந்து சேர்க்கும். தமிழ்நாட்டில் சோறு பொங்கி, கேரளத்தில் அதைச் சாப்பிட்டு, தமிழ்நாட்டில் வந்து படுப்பது அவர்களுக்குப் பழகிப்போன வாழ்க்கை.

அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 46. வீடு கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில். இளவயதில் அவரும் தோட்டத்தில் மூட்டை சுமந்தவர்தான். அப்போது உடம்பு கட்டையாக இருந்தது. 26 வயதில் வண்டி ஓட்டத் தொடங்கினார். 20 வருடம் ஓடிவிட்டது. ஓடியது வண்டிதான். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

காலை 8 மணிக்கு ஆட்களை இறக்கிவிட்டால், மாலை வரை அவருக்கு வேலை இல்லை. டீக்கடையில் உட்காருவார். சீட்டு ஆடுவார். வண்டியிலேயே ஒரு தூக்கம் போடுவார். பசித்தால் பரோட்டா. பேச்சுத் துணைக்கு டீ. ஒரு நாளைக்கு 6 டீ ஆகிவிடும். இரவு 9 மணிக்கு வயிறு நிறையச் சோறு. உடனே படுக்கை.

"தொப்பை கொஞ்சம் போட்டிருக்கு. வயசானா போடாதா?" என்பார். அவருக்கு வேறு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரு நாள் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார். "30 வயசு தாண்டினவங்க எல்லாரும் சுகர், பிரஷர் பார்க்கணும். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்" என்றார் இவர்.

"ஏங்க, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுத்தான் வாங்களேன். காசா கேக்கிறாங்க?" என்றார் மனைவி.

போனார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 116 என்று வந்தது.

மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை. ஆனா நல்லா இருக்கீங்கன்னும் சொல்ல முடியாது. பார்டர்ல நிக்கிறீங்க."

பார்டர் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தினமும் இரண்டு தடவை எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டுகிறவர் அவர். அங்கிருந்து வண்டியை எந்தப் பக்கமும் திருப்பலாம் என்பது அவருக்குத் தெரியும்.

116 என்றால் என்ன?

இரவு சாப்பிட்ட பிறகு எதுவும் சாப்பிடாமல், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அளவு இது. 100-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 126 அல்லது அதற்கு மேல் இருந்து, இன்னொரு தடவை பார்த்தபோதும் அப்படியே வந்தால் அது சர்க்கரை நோய். இரண்டுக்கும் இடையில் இருந்தால் பார்டர்.

பார்டரில் நிற்கிறவருக்கு வலி இருக்காது. மயக்கம் இருக்காது. அதனால்தான் அவர் கவனிக்காமல் விடுகிறார். சில வருடம் கழித்துக் காலில் புண் வந்து, அது ஆறாமல் போகும்போதுதான் தெரிய வருகிறது. அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் கெடத் தொடங்கியிருக்கலாம்.

கேரளத்தில் இது பெரிய விஷயம். நாடு முழுவதும் எடுத்த ஒரு பெரிய கணக்கு 2023-இல் வெளியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு அது. அதன்படி கேரளத்தில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. நாலு பேர் நிற்கிற டீக்கடையில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

நாற்பதுக்கு மேல் உடம்பில் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிடும் சோறு, கப்பை, பரோட்டா எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதை வாங்கிச் செலவு செய்கிற பெரிய ஆள், நம் சதை. தொடைச் சதை, கெண்டைக்கால் சதை, முதுகுச் சதை எல்லாம் சேர்ந்துதான் அதிகச் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன.

வயது ஏற ஏற இந்தச் சதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். சாப்பாடு மட்டும் மூட்டை சுமந்த காலத்து அளவிலேயே இருக்கும். வரவு அதே அளவு, செலவு குறைவு. மிச்சம் எங்கே போகும்? கொழுப்பாக மாறி வயிற்றில் தங்கும். வயிற்றுக் கொழுப்பு கூடினால், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை இரத்தத்திலேயே நின்றுவிடும்.

நடக்கும்போது என்ன ஆகிறது? வேலை செய்கிற சதை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் அந்தப் பசி அதற்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட இருக்கும். பிறகு தணிந்துவிடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மலை ஏறி இறங்குவதைவிட, வாரத்தில் பல நாள் கொஞ்சம் கொஞ்சம் நடப்பது நல்லது என்கிறார்கள்.

லண்டன் பஸ்சில் ஒரு பாடம்

உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன வரும் என்பதை முதலில் கண்டு சொன்னது லண்டனில்தான். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே ஆராய்ச்சி செய்தார். 1953-இல் அதை வெளியிட்டார். லண்டனில் மாடி பஸ்கள் ஓடின. ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கினார். ஒரு நாளில் 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே பஸ்சில் வேலை செய்தவர்கள்தான். ஆனால் நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் அவர்களில் பிழைத்தவர்கள் அதிகம்.

மோரிஸ் அதோடு விடவில்லை. பிறகு பஸ்காரர்களின் சீருடை அளவுகளையும் வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டைக்கு இடுப்பு அளவு பெரிதாக இருந்தது! ஆகவே எல்லாம் படிக்கட்டின் புண்ணியம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வேலைக்குச் சேரும்போதே சிலர் பருமனாக இருந்திருக்கலாம். ஆனால் உடல் அசைவு இதயத்தைக் காக்கிறது என்பதைப் பிறகு வந்த பல ஆராய்ச்சிகள் உறுதி செய்தன.

சென்னையில் நடந்தது

பார்டரில் நிற்கிறவர் திரும்ப முடியுமா? இதைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்த வேலை இது. முடிவு 2006-இல் வெளியானது.

35 முதல் 55 வயது வரை உள்ள 531 பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் பார்டரில் இருந்தவர்கள். அவர்களை நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவிடம் தினமும் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். சர்க்கரை, எண்ணெய், சோற்றின் அளவு ஆகியவற்றைக் குறைக்கச் சொன்னார்கள். மூன்றாவது குழுவுக்கு மாத்திரை. நாலாவது குழுவுக்கு நடை, உணவு, மாத்திரை எல்லாம்.

3 ஆண்டுகளில் வழக்கமான ஆலோசனை பெற்ற குழுவில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு வந்தது. எல்லாம் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

அதாவது நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. கூர்ந்து பார்க்க வேண்டிய இன்னொரு செய்தியும் அதில் இருக்கிறது. நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலே பலன் கிடைத்தது. "ஒரு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையல" என்று சொல்லி நடையை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எடைக்கல்லுக்குத் தெரியாத நன்மை உள்ளே நடக்கிறது.

எல்லாருக்கும் பலித்துவிட்டதா? இல்லை. நடந்தும் 39 பேருக்கு நோய் வந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"நாள் முழுக்க நடக்கிறோமே!"

ஆஷா பணியாளர்கள் மூணாறு, தேவிகுளம், பீருமேடு பக்கத்து லயங்களுக்குப் போய் நடையைப் பற்றிப் பேசினால், கொழுந்து பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

"ஏக்கா, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் மேட்டுல ஏறி இறங்குறோம். முதுகுல கொழுந்து மூட்டை. இதுக்கு மேல எதுக்கு நடை?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. சென்னை ஆராய்ச்சியிலும், உடலுழைப்பு வேலை செய்கிறவர்களிடம் தனியாக நடக்கச் சொல்லவில்லை. செய்வதைத் தொடரச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெண்களுக்கு வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே பக்கம் குனிந்து, ஒரே மாதிரி கையை நீட்டிச் செய்யும் வேலை. கழுத்தும் தோளும் இடுப்பும் தேய்கின்றன. அவர்களுக்குத் தேவை நடை இல்லை, நிமிர்வு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்க வேண்டும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்பக்கம் வளைய வேண்டும். தோளைப் பின்னால் சுழற்ற வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும்.

இரண்டாவது ஆபத்து ஓய்வு பெற்ற மறுநாள் வருகிறது. முப்பது வருடம் மேட்டில் ஏறிய உடம்பு திடீரென்று திண்ணையில் உட்காருகிறது. சாப்பாடு குறைவதில்லை. வெற்றிலை, புகையிலை கூடுகிறது. லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகன் வீட்டில் ஒரு மூலையில் முடங்குகிறவர்களும் உண்டு. மனமும் முடங்குகிறது. ஓய்வு பெறுவதற்கு முன்பே இதை யோசித்து வைப்பது நல்லது. காய்கறித் தோட்டமோ, ஆடு மேய்ப்பதோ, பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போவதோ ஏதோ ஒன்று. கால் நிற்காமல் இருந்தால் போதும்.

பாலக்காட்டு எல்லையில் கதை கொஞ்சம் வேறு. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் வயல் வேலைக்கு இப்போது டிராக்டர் வந்துவிட்டது. அறுப்புக்கும் இயந்திரம் வருகிறது. வயலுக்குப் போக பைக். தண்ணீர் இறைக்க மோட்டார். "நான் விவசாயி, எனக்குச் சர்க்கரை வராது" என்று ஒருவர் சொன்னால், நேற்று அவர் எத்தனை அடி நடந்தார் என்று கேட்க வேண்டும்.

எப்போது நடப்பது?

விடியற்காலையில் நட என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது.

சின்னக்கானல், மூணாறு, தேவிகுளம் பக்கம் இருட்டோடு நடந்தால் யானை எதிரே வரும். பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது. நன்றாக விடிந்த பிறகு, ஆள் நடமாட்டம் உள்ள வழியில், துணையோடு நடப்பதுதான் சரி. பாலக்காட்டுப் பக்கம் நேர்மாறு. மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கே காலை 8 மணிக்குள் முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு நடக்கலாம்.

நம் ஜீப் ஓட்டுநருக்குக் காலையில் நேரமே இல்லை. மாலையிலும் இல்லை. "எனக்கு எங்கே டாக்டர் நேரம்?" என்றார்.

"காலையில 8 மணிக்கு ஆளை இறக்கிட்டு என்ன செய்றீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

ஓட்டுநர் பதில் சொல்லவில்லை.

அடுத்த நாள் வண்டியை நிறுத்திவிட்டு, டீக்கடைக்குப் போவதற்கு முன் 10 நிமிடம் நடந்தார். 5 நிமிடம் போக, 5 நிமிடம் வர. அவ்வளவுதான். மேட்டில் மூச்சு வாங்கியது. ஒரு வாரம் அதே 10 நிமிடம். இரண்டாவது வாரம் 15. பிறகு 20.

எவ்வளவு வேகம்? ஒரு எளிய அளவு உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

எவ்வளவு நேரம்? வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு நாளைக்கு அரைமணி, வாரத்தில் 5 நாள். ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தடவைக்கு 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 5 நிமிடமும் கணக்குத்தான்.

இரவுச் சோற்றுக்குப் பிறகு வாசலில் 10 நிமிடம் உலாவுவதற்குத் தனிப் பலன் உண்டு. சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை அது அமர்த்துகிறது.

மூன்றாவது வாரம்

தொடங்குவது பெரிய காரியம் இல்லை. பொங்கலன்று தொடங்கி, மாட்டுப் பொங்கலன்று விட்டவர்கள் எத்தனை பேர்! தொடர்வதுதான் பெரிய காரியம்.

மூன்றாவது வாரம் ஜூன் மழை பிடித்தது. இடுக்கி மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாள் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கவில்லை. நாலாவது நாள் மழை விட்டது. அப்போதும் இறங்கவில்லை. "விட்டது விட்டதுதான். மழைக்காலம் முடியட்டும்" என்று நினைத்தார். டீக்கடையில் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

பலருடைய நடை இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. மூன்று நாள் விட்டதால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நாலாவது நாள் திரும்பப் போகாததால்தான் கெடுகிறது.

அவரைத் திரும்ப நடக்க வைத்தது இன்னொரு ஓட்டுநர். "என்னண்ணே, மூணு வாரமா நடந்தீங்க, இப்ப காணோம்? நானும் வரலாம்னு இருந்தேன்" என்றார். அவருக்கும் பிரஷர். மறுநாள் இருவரும் போனார்கள். ஒரு மாதத்தில் நாலு பேர் ஆனார்கள். மழை பெய்தால் கடைத் தாழ்வாரத்தில் நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைத்தார்கள். முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள்.

துணை எவ்வளவு உதவும் என்பதைக் கேரளத்திலேயே பார்த்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 2013 முதல் ஒரு முயற்சி நடந்தது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், 30 முதல் 60 வயது வரை உள்ள 1,007 பேர் அதில் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஊரிலேயே குழுக்கள் அமைத்தார்கள். குழுவை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்ல. அதே ஊர்க்காரர்கள். ஒரு வருடம் கூடிப் பேசி, சேர்ந்து நடந்து, காய்கறி வளர்த்தார்கள்.

2 ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். குழுவில் இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. மற்றவர்களில் 17 பேருக்கு. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து நோய் தடுக்கப்பட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டார்கள். குடியும் அவர்களிடம் குறைந்தது. வைத்தியர் தனியாகச் சொல்லி நடக்காதது, நாலு பேர் சேர்ந்தால் நடக்கிறது. அந்த அளவுக்கு நம்பலாம்.

ஓட்டுநரின் மனைவி இன்னொரு வழி செய்தார். வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில், நடந்த நாளுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிமிடத்தையும் எழுதலாம். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது.

காலுக்கு மட்டும் இல்லை

நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. சதை வலுவுக்கு அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது சதைக்கு வேலை கொடுக்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெதுவாக உட்காருங்கள். இப்படி 10 தடவை. பிறகு சுவரில் இருந்து ஓரடி தள்ளி நின்று, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நீட்டுங்கள். இதுவும் 10 தடவை. மூச்சை அடக்கக் கூடாது.

மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்கு எலும்பின் வலு குறையத் தொடங்குகிறது. அவர்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் தேவை.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறுவது மூச்சுக்குக் கஷ்டம். இறங்குவது முழங்காலுக்குக் கஷ்டம். மூட்டுவலி உள்ளவர்கள் இறக்கத்தில் சின்ன அடி வைத்து மெதுவாக இறங்க வேண்டும்.

டம்ளரில் எவ்வளவு?

ஓட்டுநரின் 6 டீக்குக் கணக்குப் போடுவோம். ஒரு டீக்கு 2 கரண்டி சர்க்கரை. சின்னக் கரண்டி. ஒரு கரண்டி 4 கிராம்.

6 டீக்கு 12 கரண்டி. 12-ஐ 4-ஆல் பெருக்கினால் 48 கிராம். 30 நாளுக்கு 1,440 கிராம். அதாவது மாதம் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ சர்க்கரையை அவர் டீயிலேயே குடித்துவிடுகிறார்! கடைக்காரரே கணக்கைக் கேட்டு அசந்துபோனார்.

உடனே சர்க்கரை இல்லாத டீ யாருக்கும் பிடிக்காது. 6 டீயை 3 ஆக்கினார். 2 கரண்டியை 1 ஆக்கினார். 48 கிராம் 12 ஆனது. இரண்டு வாரத்தில் நாக்குப் பழகிவிட்டது.

"சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் நல்லது" என்று சிலர் சொல்வார்கள். மறையூர் வெல்லம் பெயர் பெற்றது. சுவையானது. ஆனால் இரத்தத்துக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான். அளவு ஒன்றேதான்.

சோறும் அப்படித்தான். பாலக்காட்டு மட்டை அரிசியில் தவிடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியைவிட அது நல்லது. அதற்காகத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை. அட்டப்பாடியில் மலைவாழ் மக்கள் காலம்காலமாக ராகியும் சாமையும் விளைவித்துச் சாப்பிட்டார்கள். நடுவில் அது குறைந்துபோனது. இப்போது அரசின் உதவியோடு திரும்பவும் பயிராகிறது. கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, பயறும் கீரையும் ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். வட்டவடையிலும் காந்தளூரிலும் விளையும் பீன்சும் முட்டைக்கோசும் வெளியூர்ச் சந்தைக்கு லாரி ஏறுகின்றன. விளைகிற ஊர்க்காரர் தட்டில் கொஞ்சம் தங்கினால் நன்றாக இருக்கும்.

உப்பு, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஊறுகாய், கருவாட்டில் உள்ள உப்பும் அதற்குள் அடக்கம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பை எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே உட்காருங்கள். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் மிட்டாய் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். தோட்டத்து வழியில் அட்டை கடித்திருந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குச் சின்னப் புண்ணும் பெரிய புண்தான்.

எங்கே பார்ப்பது? கேரள அரசு 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில், பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறின. அங்கே சுகர், பிரஷர் பார்க்கலாம். சீட்டில் எழுதும் எண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

ஆறு மாதம் கழித்து

ஓட்டுநர் திரும்பவும் இரத்தம் கொடுத்தார். 116 இருந்தது 107 ஆகியிருந்தது. எடை ஒரு கிலோதான் குறைந்திருந்தது. பெல்ட்டில் ஒரு துளை உள்ளே வந்திருந்தது. இன்னும் பார்டரில்தான் இருக்கிறார். ஆனால் வண்டி நல்ல பக்கம் திரும்பியிருக்கிறது என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து சீட்டைக் காட்டினார். மனைவி வாசித்தார். நாள்காட்டிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார்.

"உன் நம்பர் எவ்வளவு?" என்று கேட்டார் ஓட்டுநர்.

மனைவிக்கு வயது 43. தோட்டத்து வேலை, வீட்டு வேலை, மாமியாருக்குப் பத்தியச் சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. கணவரை அனுப்பியவர் அவர். நாள்காட்டியில் வட்டம் போட வைத்தவரும் அவர்தான். அவர் மட்டும் இதுவரை பார்க்கவில்லை.

"என்னை யாரு கேட்டா?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தோட்டத்துக்கு ஆட்களை இறக்கிவிட்ட ஜீப், டீக்கடைப் பக்கம் போகவில்லை. குடும்ப ஆரோக்கிய மையத்தின் வாசலில் நின்றது. முன் இருக்கையில் அவர் மனைவி. காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. வெறும் வயிறு.